முழங்காலுக்கு பிஆர்பி ஊசி: மூன்று போடத்தான் வேண்டுமா?

பழைய நடத்துநர்:

வணக்கம். அரசு பஸ்ஸில் முப்பத்தோரு ஆண்டு நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 62. பெரும்பாலும் திண்டுக்கல் – குமுளி வழித்தடம். கூட்டத்தில் இரண்டு கையும் டிக்கெட்டுக்கும் சில்லறைக்கும் வேண்டும் என்பதால், இடது முழங்காலை இருக்கைக் கம்பியில் முட்டுக்கொடுத்து நிற்பேன். இன்று வலிப்பதும் அதே முழங்கால்தான். படி ஏறுவதைவிட இறங்கும்போதுதான் உயிர் போகிறது. உட்கார்ந்து எழுந்தால் முதல் பத்து அடிக்குக் கால் என் பேச்சைக் கேட்பதில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். உட்பக்க இடைவெளி குறைந்திருக்கிறதாம். தேய்மானம் இரண்டாம் நிலை, மூன்றை நெருங்குகிறது என்று எழுதியிருக்கிறார்கள். பிஆர்பி ஊசி போடலாம் என்றார்கள். என் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, அதில் கிடைக்கும் தட்டணுக்களை, அதாவது ரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணுக்களை, மூட்டுக்குள் போடுவார்களாம். ஓர் ஊசி 9,000 ரூபாய். மாதத்துக்கு ஒன்றாக மூன்று. மொத்தம் 27,000. முன்பணமாகக் கட்டினால் 2,000 தள்ளுபடி!

தள்ளுபடி என்றதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போட்டுக்கொண்டவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது உண்மையிலேயே கேட்குமா? ஒன்று போதாதா, ஏன் மூன்று?

ரத்த வங்கிக்காரர்:

அண்ணே, நான் மருத்துவர் அல்ல. பதினாறு வருடமாக ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் வேலை. என் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

உறையாமல் இருக்க சிட்ரேட் கலந்த குழாயில் ரத்தம் எடுத்துச் சுழற்றினால் மூன்றாகப் பிரியும். அடியில் கருஞ்சிவப்பாகச் சிவப்பணுக்கள். அதன்மேல் பாலாடைபோல மெல்லிய வெள்ளைப் படலம். மேலே வெளிறிய நல்லெண்ணெய் நிறத்தில் பிளாஸ்மா. தட்டணுக்கள் அதிகம் இருப்பது அந்தப் படலத்திலும் அதை ஒட்டிய பிளாஸ்மாவிலும்தான். வேகம் கூடினால் அவையும் அடியில் போய்ப் படிந்துவிடும். அவசரக்காரர் கையில் கொடுத்தால் மேலே இருக்கும் வெறும் பிளாஸ்மாவை உறிஞ்சி ஊசியில் நிரப்பிவிடுவார். பார்வைக்கு இரண்டும் ஒரே மஞ்சள்தான், உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே கணக்குப் போடுங்கள், அது உங்கள் தொழில்தானே. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இரண்டு லட்சம் தட்டணு என்று வையுங்கள். ஒரு மில்லிக்கு இருபது கோடி. இந்திய மருத்துவர்கள் 2021இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எட்டு மில்லி ஊசியில் ஆயிரம் கோடி தட்டணு கொடுத்தபோது பலன் ஓராண்டு வரை நின்றது. ஒன்றுகூட வீணாகாது என்றாலும், ஆயிரம் கோடிக்கு ஐம்பது மில்லி ரத்தம் வேண்டும். பத்து மில்லி எடுத்தால் இருநூறு கோடிதான் தேறும். எத்தனை மில்லி எடுப்பார்கள், தயாரித்ததை எண்ணிப் பார்ப்பார்களா என்று கேளுங்கள்.

ஈரோட்டு அக்கா:

நான் போட்டுக்கொண்டவள். இரண்டு வருடம் ஆகிறது, இரண்டு ஊசி. முதல் ஊசி போட்ட இரவு முழங்கால் பலாக்கொட்டை வேகவைத்ததுபோல உப்பிவிட்டது. ஐஸ் வைத்துக்கொண்டு அழுதேன். மூன்றாவது வாரம் கொஞ்சம் இலகுவானது. ஏழெட்டு மாதம் சந்தையில் நின்று பேரம் பேசும் அளவுக்கு நன்றாக இருந்தேன். பிறகு வலி மெல்லத் திரும்பியது, முன்புபோல மோசமில்லை. அதே இடத்தில் என் நாத்தனாரும் போட்டுக்கொண்டார். அவருக்கு நான்காம் நிலை, அதுதான் கடைசி நிலை. பணம் போனதுதான் மிச்சம், இப்போது மாற்று அறுவைக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஊசிக்கு ஒரு வாரம் முன்பே வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். அது தட்டணுக்களின் வேலையைக் கெடுக்குமாம். பாராசிட்டமால் மட்டும் போட்டுக்கொண்டேன். நீங்கள் இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுப்பவராக இருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் அண்ணா, மருத்துவரைக் கேளுங்கள்.

இயன்முறை மருத்துவர்:

ஐயா, இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன.

சண்டிகர் முதுகலை மருத்துவ நிறுவனத்தில் 78 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: ஒரு ஊசி, இரண்டு ஊசி, வெறும் உப்புநீர். 2013இல் வெளிவந்தது. தட்டணு போட்டவர்களுக்கு வலி குறைந்தது, உப்புநீர்க்காரர்களுக்குக் குறையவில்லை. உங்கள் கேள்விக்கான இடம் இதுதான்: ஒன்று போட்டவர்களைவிட இரண்டு போட்டவர்கள் மேலாக இல்லை. ஆறாம் மாதத்தில் பலன் இறங்கத் தொடங்கியது.

பிறகு ஆஸ்திரேலியாவில், மெல்போர்னிலும் சிட்னியிலும் 288 பேர். உங்களைப்போல இரண்டாம், மூன்றாம் நிலைக்காரர்கள். வாரம் ஒன்றாக மூன்று ஊசி. யாருக்கு எது போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஓராண்டு கழித்துப் பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டார்கள். தட்டணுக்காரர்களுக்கு 2.1 குறைந்திருந்தது, உப்புநீர்க்காரர்களுக்கு 1.8. வித்தியாசம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. குருத்தெலும்புத் தேய்வும் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. 2021இல் வெளியானது.

எனவே 'குருத்தெலும்பு வளரும்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் கல்லூரியின் 2019 வழிகாட்டுதல் இந்த ஊசியே வேண்டாம் என்கிறது. அந்நாட்டு எலும்பியல் மருத்துவர் அமைப்பு 2021இல், வலி குறையலாம் ஆனால் ஆதாரம் குறைவு என்றது.

தொடைத் தசைக்குப் பயிற்சி செய்திருக்கிறீர்களா? செய்யாமல் நேரே ஊசிக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. எடையையும் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ பாரம் குறையும்.

ரத்த வங்கிக்காரர்:

ஆஸ்திரேலிய ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே போட்டதில் தட்டணு, சாதாரண ரத்தத்தைப்போல 1.6 மடங்குதான். குறைவாகப் போட்டுவிட்டுக் கேட்கவில்லை என்கிறார்கள் என்று அப்போதே சண்டை கிளம்பியது. ஊசியையே மோசம் என்று நான் சொல்லவில்லை. உள்ளே என்ன போகிறது என்று தெரியாமல் போடாதீர்கள் என்கிறேன்.

பழைய நடத்துநர்:

அனைவருக்கும் நன்றி. நேற்றுப் போய்க் கேட்டுவிட்டேன்.

பதினைந்து மில்லி எடுப்பார்களாம். என் தட்டணு எண்ணிக்கை 2,10,000. சீட்டின் பின்பக்கமே கணக்குப் போட்டேன்: 315 கோடி, அதுவும் ஒன்றும் சிந்தாமல் இருந்தால். "தயாரித்த பிறகு எண்ணுவீர்களா?" என்றேன். இல்லையாம். முப்பத்தோரு வருடத்தில் நான் ஒரு பயணிக்கு டிக்கெட் கொடுக்காமல் காசு வாங்கியிருந்தால் செக்கர் என்னைச் சும்மா விட்டிருப்பாரா?

மருத்துவர் கோபப்படவில்லை, அதையும் சொல்லவேண்டும். சிரித்தார். சண்டிகர் ஆய்வைப் படித்திருக்கிறார். "மூன்று என்பது இங்கே வழக்கம். நீங்கள் ஒன்று போட்டுவிட்டு ஆறு மாதம் பார்க்கலாம்" என்றார். அப்படியானால் ஏன் முதலிலேயே மூன்றுக்கு விலை சொன்னார்கள் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

இப்போதைக்கு ஊசி இல்லை. என் எடை 84 கிலோ. ஐந்து கிலோ குறைந்தால் அடிக்கு இருபது கிலோ. பஸ்ஸில் என்றால் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டிருப்பேன். மூன்று மாதம் பயிற்சி செய்து பார்க்கிறேன். கேட்காவிட்டால், ஐம்பது மில்லி எடுத்து எண்ணியும் காட்டுகிற இடமாகத் தேடி ஒன்று போட்டுக்கொள்வேன்.

நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிக்கும் பயிற்சியைத் தொடங்கிவிட்டேன். கணுக்காலில் கட்ட, என் பழைய காக்கிக் கால்சட்டையை வெட்டி வீட்டுக்காரி இரண்டு பை தைத்துக் கொடுத்திருக்கிறாள். எவ்வளவு மணல் போடவேண்டும்? நான் இரண்டு கிலோ போட்டுவிட்டேன், இன்று காலை எழ முடியவில்லை.

இயன்முறை மருத்துவர்:

ஐயா, மணலைக் கொட்டிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் வெறும் கால். காலை நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்குங்கள். பத்துத் தடவை, காலையும் மாலையும். வலி கூடாமல் இருந்தால் மூன்றாம் வாரம் அரைக் கிலோ. வலது காலுக்கும் செய்யுங்கள்.