8 லட்சம் ராண்டுக்கு ஒரே ஒரு நாணயம்: எதை வாங்குவது?

டோங்காட் டிக்கி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா காலத்து நிலத்தை விற்றுப் பங்கு பிரித்து, பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகு 8 லட்சம் தென்னாப்பிரிக்க ராண்ட் என் பெயரில் நிற்கிறது. எழுபதைத் தொடப் போகிறேன். பள்ளிக்கூட நாளில் கடைச் சில்லறையில் வந்த டிக்கியை, அதாவது மூன்று பென்ஸ் காசை, எடுத்து வைத்ததில் ஆரம்பித்த பழக்கம் இது. இன்று இரண்டு அலமாரி நிறையச் சின்னச் சின்ன நாணயங்கள் இருக்கின்றன, ஆனால் வீட்டுக்கு வருகிறவரிடம் எடுத்து நீட்டி, இதைப் பாருங்கள் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. மனைவியும் சரி என்றுவிட்டாள். பத்து வேண்டாம், ஒன்றே ஒன்று, நல்லதாக வாங்குங்கள் என்கிறாள்.

மனதில் மூன்று இருக்கின்றன. 1874-ஆம் ஆண்டு பர்கர்ஸ் போண்ட், டிரான்ஸ்வால் என்ற பழைய போயர் (டச்சு வம்சாவளியினர்) குடியரசின் ஜனாதிபதி பர்கர்ஸ் தலை பதித்த தங்கக் காசு. 1902-ஆம் ஆண்டு வெல்ட்போண்ட், ஆங்கிலேயரோடு நடந்த போரில் போயர்கள் அடித்த தங்கக் காசு. மூன்றாவது, சோழர் பொற்காசு, ராஜராஜனோ ராஜேந்திரனோ யாருடையதானாலும் சரி.

இதற்கிடையில் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு வியாபாரி பர்கர்ஸ் போண்ட் ஒன்றைக் காட்டினார். தரச்சான்று நிறுவனம் சோதித்து முத்திரையிட்டுத் தரும் பெட்டியில் இல்லை, வெறும் காசு. என் கையில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் விலை கேட்கிறார். பளபளவென்று நேற்று அடித்தது போல இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். இரண்டு பக்கமும் படம் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பழங்காசு, மாரிட்ஸ்பர்க்:

அண்ணா, வெள்ளிக்கிழமை வரை ஏன், இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

படத்தில் பர்கர்ஸ் தலைக்கு நேர் மேலே விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் ஒரே சீராக இருக்க, அங்கே மட்டும் பாதி விரல்நகம் அளவுக்குத் தட்டையாக, அராவிய மாதிரி இருக்கிறது. அதன் கீழே உள்ள எழுத்துகளும் கரைந்திருக்கின்றன. வளையம் பற்றவைத்துக் கழுத்திலோ கடிகாரச் சங்கிலியிலோ தொங்கவிட்டிருந்த காசு இது, பிறகு யாரோ வளையத்தை எடுத்து, தடம் தெரியாமலிருக்க முழுவதும் மெருகு போட்டிருக்கிறார்கள். அந்தப் பளபளப்புக்குக் காரணம் அதுதான். நம் வீடுகளில் இது தெரியாதவர் யார்? பவுன் கிடைத்ததும் பத்தரிடம் கொடுத்துக் காது வைத்துக் காசுமாலையில் கோத்துவிடுவார்கள். இங்கே போயர் குடும்பங்களும் தங்கள் போண்டுகளுக்கு அதையேதான் செய்தன. நகைக்கு அது அழகு, சேகரிப்பவனுக்கு அது காயம். சான்று நிறுவனத்துக்கு அனுப்பினால் அதற்குத் தர மதிப்பெண் கொடுக்க மாட்டார்கள், வளையம் நீக்கப்பட்டது என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். நாளை விற்கப் போகும்போது உங்கள் பணம் அங்கேயே நின்றுவிடும்.

ஆனால் பர்கர்ஸ் போண்ட் என்ற உங்கள் தேர்வு சரியானது, அதை விட்டுவிடாதீர்கள். டிரான்ஸ்வால் குடியரசின் முதல் தங்க நாணயம் அது. லைடன்பர்க் பக்கத்துச் சுரங்கத் தங்கத்தை பர்மிங்காமில் ஹீட்டன் நிறுவனத்துக்கு அனுப்பி அடித்தார்கள். மொத்தமே 837. முதல் அச்சில் 695 அடித்ததும் அச்சு உடைந்துவிட்டது, இரண்டாம் அச்சில் 142. முதலாவதில் ஜனாதிபதியின் தாடி மெல்லிய கோடுகளாக இருக்கும், இரண்டாவதில் முரடாக இருக்கும். முரட்டுத் தாடிக்குத்தான் அதிக விலை கேட்பார்கள். என்னைக் கேட்டால் உங்கள் பணத்துக்கு மெல்லிய தாடியில் நல்ல நிலையில் உள்ள ஒன்று, தேய்ந்துபோன முரட்டுத் தாடியைவிட எவ்வளவோ மேல். எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இந்த 837-இல் எத்தனை நகையாகிக் கெட்டுப்போயின என்று நினைத்துப் பார்த்தால், கைபடாமல் தப்பியது எவ்வளவு அபூர்வம் என்று புரியும்.

வெல்ட்போண்டும் அருமையான காசுதான். போரின் கடைசி மாதங்களில் பில்கிரிம்ஸ் ரெஸ்டில், சுரங்கப் பட்டறையில் கிடைத்த கருவிகளைக் கொண்டு 986 அடித்தார்கள். உருவம் கிடையாது, ஒரு பக்கம் குடியரசின் எழுத்துகளும் 1902-ம், மறுபக்கம் ஒரு போண்ட் என்ற சொல்லும் மட்டுமே. கையில் எடுத்தால் மனது கலங்கும். ஆனால் வேலைப்பாடு எளிமையானது என்பதால் போலி செய்கிறவனுக்கு அது வசதி. முதல் பெரிய கொள்முதலுக்கு அதைச் சொல்ல மாட்டேன். 1900-இல் பிரிட்டோரியா கையை விட்டுப் போகும் நேரத்தில் முகம் அடிக்காமல் வெளியே போன வெறும் தகடுகளைக் காள்போண்ட் என்பார்கள், யாராவது அதைக் காட்டினால் பக்கத்திலேயே போகாதீர்கள்.

லெனேசியா அக்கா:

டிக்கி அண்ணா, தம்பி காசைப் பற்றிச் சொன்னார், நான் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். 8 லட்சம் இருக்கிறது என்றால் 8 லட்சத்துக்கு ஏலம் கேட்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏல வீடு வாங்குகிறவரிடமும் கமிஷன் எடுக்கும், அந்தக் கமிஷன் மேல் வாட் வரி. உதாரணத்துக்குக் கமிஷன் 20 சதவீதம் என்று வையுங்கள். 6,50,000-க்கு உங்களுக்கு விழுந்தால் கமிஷன் 1,30,000, அதன் மேல் 15 சதவீத வாட் 19,500. மொத்தம் 7,99,500. ஆக உங்கள் உச்சம் ஆறரை லட்சம்தான். இதைத் தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டு உட்காருங்கள், ஏலம் சூடு பிடித்த பிறகு கணக்குப் போட முடியாது. க்ரூகர்ராண்ட் என்ற முதலீட்டுத் தங்கக் காசுக்கு வாட் கிடையாது என்பதால் பழைய காசுக்கும் கிடையாது என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு. கடையில் வாங்கினால் சொல்லும் விலையில் வாட் சேர்ந்ததா என்று முதலிலேயே கேளுங்கள்.

சான்றுப் பெட்டியில் இருப்பதை மட்டும் வாங்குங்கள், என்ஜிசி அல்லது பிசிஜிஎஸ் என்ற சான்று நிறுவனங்களின் பெட்டி. ஆனால் பெட்டியையே போலியாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் அதில் உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் அதே கீறல், அதே புள்ளி இதிலும் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மண்டேலா முகம் போட்ட 2000-ஆம் ஆண்டு 5 ராண்ட் நாணயத்தைப் பெட்டியில் போட்டு, பேரப்பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும் என்று ஒருவர் என்னிடம் ஆயிரக்கணக்கில் விற்றார். லட்சக்கணக்கில் அடித்துப் புழக்கத்தில் விட்ட காசு அது. பெட்டியும் உண்மை, எண்ணும் உண்மை, ஆனால் அபூர்வம் என்பது மட்டும் அதில் இல்லை. திரும்ப விற்கப் போனபோது கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூடக் கேட்க ஆளில்லை. அந்தக் காசைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் வலிக்கிறது.

வாங்கிய அன்றே காப்பீட்டில் தனியாகப் பெயர் குறிப்பிட்டுச் சேருங்கள். வீட்டுப் பொருள் காப்பீட்டில் தானாக வந்துவிடும் என்று இருக்காதீர்கள்.

சாட்ஸ்வர்த் பையன்:

ஐயா, சோழர் காசு பற்றி நான் சொல்கிறேன். உங்கள் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுக்கு மேற்பட்ட நாணயத்தைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுவர முடியாது. சென்னையில் வாங்கிப் பையில் போட்டு வரலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வெளிநாட்டு ஏலத்தில் வந்தால், 1972-க்கு முன்பே வெளியே வந்தது என்பதற்குத் தாள் இருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாத பொற்காசுக்கு இவ்வளவு பணம் போட என் மனது ஒப்பவில்லை. ராஜராஜன் செப்புக் காசு மலிவாகவே கிடைக்கும், அதில் அவர் பெயர்கூட நாகரி எழுத்தில்தான் இருக்கும்.

தமிழ் எழுத்து உள்ள தங்கம் வேண்டுமென்றால், கிழக்கிந்தியக் கம்பெனி 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சென்னையில் அடித்த இரட்டை வராகனைப் பாருங்கள். ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் பெருமாள், சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் பூவராகன் என்று எழுத்து. லண்டன் ஏலங்களில் அவ்வப்போது வருகிறது. பர்கர்ஸ் போண்டைவிட விலை மிகக் குறைவு. நம் முன்னோர் 1860-இல் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வர சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஏறுவதற்கு முன் அந்த ஊர்ச் சந்தையில் புரண்ட காசு என்று நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

அப்புறம் ஒன்று. கூலி ஒப்பந்தம் முடிந்தவர்கள் தலைக்கு வருடம் 3 பவுன், அதாவது 60 ஷில்லிங், வரி கட்ட வேண்டியிருந்தது, 1914-இல்தான் அது ஒழிந்தது. முதல் வருடக் கூலி மாதம் 10 ஷில்லிங். அதாவது அந்த வரி ஆறு மாதக் கூலி. தங்கம் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது அந்த மூன்று பவுன்தான். எந்தக் காசு வாங்கினாலும் அதன் பக்கத்தில் சாதாரண பழைய பவுன் ஒன்றையும் வையுங்கள்.

டோங்காட் டிக்கி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவே அந்த வியாபாரிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விளிம்பைப் பற்றிக் கேட்டேன், பதிலே சொல்லவில்லை, உடனே விலையைக் குறைத்தார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

பழங்காசு சொன்னதைப் படித்ததும் எழுந்துபோய் ஆயாவின் காசுமாலையை எடுத்துப் பார்த்தேன். பதினொரு பவுன், ஒவ்வொன்றின் உச்சியிலும் அதே மாதிரிப் பற்றவைத்த தடம். இத்தனை வருடம் கையில் வைத்திருந்தும் அந்த இடத்தை ஒரு தடவைகூட உற்றுப் பார்க்கவில்லை. தம்பி, பக்கத்தில் வைக்கச் சொன்ன பவுன் என் வீட்டிலேயே இருக்கிறது. அது பேத்திக்கு, விற்பனைக்கு அல்ல.

ஆக, மெல்லிய தாடி, சான்றுப் பெட்டியில், வளையம் படாதது. உச்சம் 6,50,000, அக்கா சொன்ன கணக்கை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியாகிவிட்டது. அடுத்த ஏலப் பட்டியலில் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள், ஏலத்துக்கு முன் காசுகளை நேரில் பார்க்கும் நாள் ஜோகன்னஸ்பர்க்கில். பழங்காசு, உங்கள் பத்து மடங்கு லென்ஸை எடுத்துக்கொண்டு என்னோடு வர முடியுமா? பெட்ரோல் செலவு என்னுடையது, வழியில் வான் ரீனன் கணவாய் தாண்டியதும் சாப்பாடும்.

பழங்காசு, மாரிட்ஸ்பர்க்:

வருகிறேன் அண்ணா. பட்டியல் எண்ணை இன்றே அனுப்புங்கள், முன்பு எந்த ஏலத்தில் வந்தது என்று தேடி வைக்கிறேன்.