காம்பொனென்ட் நூலகத்தில் ப்ராப்கள் பெருகிக்கொண்டே போகின்றன. ஆவணத்தையும் யாரும் படிப்பதில்லை

கேள்வி

வணக்கம். எங்கள் குழு பராமரிக்கும் சில இணையதளங்களுக்குப் பொதுவாக ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் ஒரு காம்பொனென்ட் நூலகத்தை (பட்டன் போன்ற, மீண்டும் மீண்டும் பயன்படும் இடைமுகத் துண்டுகளின் தொகுப்பு) உருவாக்கி வருகிறோம். எளிமையாகத் தொடங்கிய பட்டனில், ஒவ்வொரு தளமும் கேட்கக் கேட்க ப்ராப்களை (காம்பொனென்டின் தோற்றத்தையும் செயலையும் மாற்ற வெளியிலிருந்து தரும் மதிப்புகள்) சேர்த்ததால், எது எதனுடன் பொருந்தும் என்று எங்களுக்கே இப்போது தெளிவில்லை. காம்பொனென்டுகளைத் தனியே காட்டி ஆவணப்படுத்தும் ஸ்டோரிபுக் என்ற கருவி, ப்ராப் அட்டவணையைத் தானாகவே உருவாக்கித் தருகிறது. இருந்தும் மற்றக் குழுவினர் எங்களிடமே வந்து கேட்கிறார்கள், அல்லது தாங்களே புதிதாக ஒன்றை எழுதிக்கொள்கிறார்கள். ப்ராப்களை எப்படிக் கட்டுக்குள் வைப்பது? ஆவணத்தில் எதைத்தான் எழுத வேண்டும்?

மறுமொழி 1

உண்மை, பொய் என இரண்டே மதிப்புள்ள ப்ராப் ஒவ்வொன்றும் சாத்தியமான நிலைகளை இரட்டிப்பாக்குகிறது. நான்கு இருந்தால் 16, ஆறு இருந்தால் 64. இவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் வடிவமைத்திருக்கவும் மாட்டார்கள், சோதித்திருக்கவும் மாட்டார்கள். முதன்மை பட்டன், எச்சரிக்கை பட்டன் போன்றவற்றைத் தனித்தனி ப்ராப்களாக வைக்காமல் ஒரே வேரியன்ட் ப்ராப்பின் மதிப்புகளாக்கி, டைப்ஸ்கிரிப்டில் யூனியன் வகையாக (பட்டியலிட்ட மதிப்புகளில் ஒன்றை மட்டுமே ஏற்கும் வகை) அறிவித்தால், ஒன்றுக்கொன்று முரணான சேர்க்கைகளுக்கு இடமே இருக்காது. ஐகான் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதற்கு ப்ராப் எதற்கு? உள்ளடக்கத்தை சில்ட்ரன் (காம்பொனென்டின் திறப்பு, மூடல் குறிகளுக்கு இடையே எழுதுவது) வழியாகப் பெற்றுக்கொண்டால் போதும். தளத்துக்குத் தளம் நிறமும் எழுத்துருவும் மட்டுமே மாறுகின்றன என்றால் அவற்றை சிஎஸ்எஸ் மாறிகளிடம் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியில், ஒரே இடத்தில் மாற்றக்கூடிய பெயரிட்ட மதிப்புகள்) விட்டுவிடுங்கள். மார்ஜினைக் காம்பொனென்டுக்குள் வைக்கவே வைக்காதீர்கள். சுற்றியுள்ள இடைவெளியைத் தீர்மானிக்க வேண்டியது அதைப் பயன்படுத்தும் பக்கம்தான்.

மறுமொழி 2

ஆவணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ப்ராப் அட்டவணை என்னென்ன இருக்கின்றன என்று சொல்லுமே தவிர, எப்போது பயன்படுத்தலாம், எப்போது கூடாது என்று சொல்லாது. உங்களிடம் வந்து கேட்பவர்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். வேறு பக்கத்துக்குச் செல்வதற்கு இணைப்பு, ஒரு செயலை நிகழ்த்துவதற்கு பட்டன் என்ற ஒரு வரி, அட்டவணையை விட அதிகம் உதவும். மோடல் (பக்கத்தின் மேல் திறக்கும் பெட்டி) என்றால், திறந்தவுடன் ஃபோகஸ் (விசைப்பலகை உள்ளீடு போய்ச் சேரும் இடம்) உள்ளே செல்வது, எஸ்கேப் விசையில் மூடுவது, மூடியதும் ஃபோகஸ் அதைத் திறந்த பட்டனுக்கே திரும்புவது ஆகிய மூன்றும் ஆவணத்தில் இருந்தே ஆக வேண்டும். 2023இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 (இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்கான வழிகாட்டுதல்), மூன்று நிலைகளில் இடைப்பட்டதான ஏஏ நிலையில், சில விதிவிலக்குகளுடன், சொடுக்கும் இடம் குறைந்தது 24க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. சிறிய ஐகான் பட்டன்களில் இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். எடுத்துக்காட்டுகளைத் தனியே எழுதாமல், ஸ்டோரிகளையே (ஸ்டோரிபுக்கில் ஒரு காம்பொனென்டின் ஒவ்வொரு நிலையையும் காட்டும் எடுத்துக்காட்டுகள்) சோதனைகளில் இறக்குமதி செய்து ஓட்டுங்கள். அப்போது ஆவணம் பழையதாகிவிட்டால் சோதனையே காட்டிக்கொடுத்துவிடும்.

மறுமொழி 3

மேற்கண்டவற்றை ஏற்கிறேன், ஆனால் தாங்களே எழுதிக்கொள்பவர்களை எப்போதும் தடுக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு தளம் மட்டும் கேட்பதை நூலகத்தில் சேர்க்காமல், அது அந்தத் தளத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிடுவதுதான் ப்ராப் பெருக்கத்துக்கு முதல் மருந்து. இப்போது ப்ராப்களை ஒழுங்குபடுத்தும்போது, செமான்டிக் வெர்ஷனிங் என்ற பதிப்பு எண் முறைப்படி, பெயர் மாற்றமும் நீக்கமும் மேஜர் பதிப்பில்தான் (பழைய நிரலை உடைக்கக்கூடிய மாற்றங்கள் வரும் பதிப்பு) வர வேண்டும். அதற்கு முந்தைய மைனர் பதிப்பிலேயே (எதையும் உடைக்காமல் புதியதைச் சேர்க்கும் பதிப்பு) புதிய பெயரைச் சேர்த்து, பழைய பெயரும் இயங்குமாறு விட்டு, உருவாக்கச் சூழலில் மட்டும் கன்சோலில் எச்சரிக்கை வரும்படி செய்யுங்கள். மாற்றக் குறிப்பில் பழைய வரியையும் புதிய வரியையும் அடுத்தடுத்துக் கொடுத்துவிட்டால், பயன்படுத்துபவர்கள் உங்களைத் தேடி வர வேண்டியிருக்காது.