ஜாங்கோ இன்ஸ்டால் பண்ண யாருக்காவது கூட உக்காந்திருக்கீங்களா? உங்க அனுபவத்தை எழுதுங்க

நானே ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும். ஜாங்கோன்னா பைத்தான்ங்கற ப்ரோக்ராமிங் மொழியில வெப்சைட் கட்டறதுக்கான ஒரு டூல்.

எங்க ஊர் கும்பகோணம். எங்க தெருவுல ஒரு அக்கா வாடகைப் பாத்திரக் கடை வெச்சிருக்காங்க. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவா இருந்தாலும் அண்டா, தவலை, ஜமுக்காளம், குத்துவிளக்கு எல்லாம் அவங்க கடைலேருந்துதான் போகும். எந்த வீட்டுக்கு எத்தனை போச்சு, எத்தனை திரும்பி வந்துச்சுங்கறதெல்லாம் ஒரு நீட்டு நோட்டுல. முகூர்த்த மாசத்துல அந்த நோட்டைப் புரட்டிப் புரட்டி அலுத்துப் போயி, பி.காம் படிச்சுட்டு இதுக்கு ஒரு வழி பண்ண முடியாதான்னு போன்ல வீடியோ பாத்து நாலு மாசமா பைத்தான் கத்துக்கிட்டாங்க. லிஸ்ட், டிக்‌ஷனரி, ஃபங்ஷன் எல்லாம் நல்லாவே வரும். அடுத்து ஜாங்கோன்னு முடிவு பண்ணி ஒரு கோச்சிங் சென்டர்ல பணம் கட்டினாங்க. அங்க இருந்த கம்ப்யூட்டர்ல எல்லாமே ரெடியா இருந்துச்சு, வீட்டுக்கு வந்து சொந்த லேப்டாப்ல அடிச்சா ஒண்ணும் நடக்கல. போய்க் கேட்டா "வீடியோ பாத்து போட்டுக்கோங்க மேடம்"னு அனுப்பிட்டாங்களாம். மூணு நாள் மல்லுக்கட்டிட்டு எனக்கு போன் பண்ணாங்க, நான் சென்னையில.

"பைத்தான்னு அடிச்சா என்னமோ ஸ்டோர் தொறக்குது தம்பி, காசு எடுத்துருமோன்னு பயந்து மூடிட்டேன்"னாங்க. விண்டோஸ் 10, 11ல இது எல்லாருக்கும் வர்றதுதான். பைத்தான் எங்க இருக்குன்னு சிஸ்டத்துக்குத் தெரியலன்னா அது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரைத் தொறந்து காட்டும். இன்ஸ்டாலரோட முதல் பக்கத்துல கீழ சின்னதா ஒரு கட்டம் இருக்கும், பைத்தானை பாத்ல, அதாவது சிஸ்டம் ப்ரோக்ராமைத் தேடற எடங்களோட லிஸ்ட்ல, சேர்க்கவான்னு. அதுல டிக் இருக்காது, நாமதான் போடணும். முதல் தடவை போடறவங்க யாரு அதைப் பாக்கறாங்க, பெருசா இருக்கற இன்ஸ்டால் பட்டனைத்தான் அமுக்குவாங்க.

அன்னைக்கு ராத்திரி மணி ஒம்பதரை, அவங்க கடையை சாத்திட்டு வந்து உக்காந்திருக்காங்க, எனக்கும் ஆபீஸ் வேலை பாக்கி இருந்துச்சு. ரிமோட்ல உள்ள போயி நானே பத்து நிமிஷத்துல எல்லாத்தையும் போட்டுட்டேன். பிரவுசர்ல, ஜாங்கோ சரியா ஓடினா வர்ற ராக்கெட் படம் வந்துச்சு, அக்காவுக்கு ஒரே சந்தோஷம், நானும் படுத்துட்டேன்.

மறுநாள் அதே நேரத்துக்கு போன். "தம்பி, நேத்து நீ போட்டதெல்லாம் போயிடுச்சு. நோ மாட்யூல் நேம்டு ஜாங்கோன்னு வருது." குரல் உடைஞ்சு போயிருந்துச்சு. எதுவும் போகல, நான் வர்ச்சுவல் என்விரான்மென்ட்னு ஒரு தனி ஃபோல்டருக்குள்ள போட்டிருந்தேன், அவங்க கமாண்ட் அடிக்கற ஜன்னலைப் புதுசாத் தொறந்து ஆக்டிவேட் பண்ணாம அடிச்சிருக்காங்க, அவ்வளவுதான். ஆனா அப்படி ஒண்ணு இருக்குன்னே அவங்களுக்கு யாரும் சொல்லல, முந்தின ராத்திரி பக்கத்துலயே இருந்த நானும் சொல்லல. எனக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு.

"அக்கா, அந்த ஃபோல்டரை அப்படியே அழிச்சிருங்க, இன்னைக்கு நீங்களே போடுங்க, நான் ஒண்ணும் தொடமாட்டேன், போன்லயே இருக்கேன்"னு சொன்னேன். நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கிட்டாங்க. போன்ல கமாண்ட் சொல்றது எவ்வளவு கஷ்டம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, பி ஒய், ஒரு ஸ்பேஸ், மைனஸ் எம், மறுபடி ஸ்பேஸ், வி ஈ என் வி, இன்னொரு ஸ்பேஸ், அப்புறம் ஃபோல்டருக்கு நீங்க வைக்கிற பேருன்னு ஒவ்வொண்ணா சொல்லணும். ஸ்பேஸை எங்க விடணும்னு அவங்களுக்குப் புரியவே இல்ல, எல்லாத்தையும் சேர்த்து அடிச்சாங்க, எரர் வந்துச்சு. அப்புறம் அவங்களே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, நோட்டுல ஸ்பேஸ் வர்ற எடத்துல எல்லாம் ஒரு சின்ன வட்டம் போட்டுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு தப்பு கூட வரல.

என்விரான்மென்ட்னா என்னன்னு நான் சுத்தி வளைச்சு சொல்லிட்டு இருக்கும்போது "இரு தம்பி, ஒரே நாள்ல ரெண்டு கல்யாண வீட்டுக்கு சாமான் போகுதுன்னா தனித்தனியாத்தானே கட்டி வைப்போம், இந்தக் கட்டுல இருக்கற கரண்டியை அந்தக் கட்டுல தேடினா கெடைக்குமா, அதானே"ன்னாங்க. அதேதான். ஆக்டிவேட்னா எந்தக் கட்டைப் பிரிச்சிருக்கோம்னு சொல்றது. இதை விட நல்லா நான் சொல்லியிருக்க முடியாது.

ஆக்டிவேட் பண்ற எடத்துல அடுத்த தடை. விஎஸ் கோட்ங்கற எடிட்டர் உள்ள இருக்கற, கமாண்ட் அடிக்கற டெர்மினல் பவர்ஷெல்லு, சிவப்பு எழுத்துல பத்து வரி கொட்டுச்சு. அக்கா பயந்து மூடப் போனாங்க. வேண்டாம், எழுத்துக்கூட்டியாவது படிங்கன்னேன். "ரன்னிங் ஸ்கிரிப்ட்ஸ் இஸ் டிசேபிள்டு ஆன் திஸ் சிஸ்டம்." அப்படின்னா என்னக்கான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "ஸ்கிரிப்டை ஓட்ட விடமாட்டேங்குது போல"ன்னாங்க. அதான் விஷயம், விண்டோஸ்ல பாதுகாப்புக்கு அப்படி வெச்சிருக்காங்க. கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்கு மாத்திக்கிட்டா அந்தத் தொல்லையே இல்ல. மாத்தினாங்க, வரியோட ஆரம்பத்துல அடைப்புக்குறிக்குள்ள ஃபோல்டர் பேரு வந்து நின்னுச்சு.

அடுத்து பிப் இன்ஸ்டால் ஜாங்கோ (பிப்ங்கறது பைத்தான் பேக்கேஜை இறக்கிப் போடற கமாண்ட்), அது போன் ஹாட்ஸ்பாட்லயே சட்டுனு முடிஞ்சுது, மொத்தமே 8 எம்பி பக்கம்தான். ப்ராஜெக்ட்டுக்குப் பேரு வைக்கும்போது பாத்திரம், நடுவுல ஒரு மைனஸ், அப்புறம் கடைன்னு வெச்சாங்க, ஜாங்கோ ஏத்துக்கல, ஏன்னா பைத்தான்ல பேருக்கு நடுவுல அந்தக் கோடு வந்தா கழித்தல்னு ஆயிடும். இந்தத் தடவை நான் சொல்லவே இல்ல, எரரைப் படிச்சு அவங்களே மாத்திட்டாங்க. சர்வரை ஓட்டற ரன்சர்வர் கமாண்டை அடிச்சதும் 18 மைக்ரேஷன் (டேட்டாபேஸ்ல டேபிள் போடற வேலை) பண்ணாம இருக்குன்னு சிவப்புல வந்துச்சு, அதையும் படிச்சாங்க, கீழயே என்ன அடிக்கணும்னு போட்டிருக்கு பாருன்னு எனக்கே சொன்னாங்க. ராக்கெட் மறுபடி வந்தப்போ மணி பன்னெண்டு. உடனே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பியிருக்காங்க, அவர் போன்ல தொறக்கல. 127.0.0.1ங்கறது அவங்கவங்க மெஷினையே குறிக்கற அட்ரஸ், அந்தக் கறுப்பு ஜன்னல் தொறந்திருக்கற வரைக்கும் இந்த லேப்டாப்ல மட்டும்தான் வரும்னு சொன்னேன்.

முதல் ராத்திரி பத்து நிமிஷம், ரெண்டாவது ராத்திரி ரெண்டரை மணி நேரம். அந்த ரெண்டரை மணி நேரம்தான் உதவி. முதல் நாள் நான் செஞ்சது என் வேலையைச் சீக்கிரம் முடிச்சுக்கிட்டது.

*

படிச்சேன், எனக்கும் அந்த நோ மாட்யூல் போன் எத்தனையோ தடவை வந்திருக்கு. நான் சொல்லப் போறது ஒரு காலேஜ் லேப்ல நடந்தது. 20 சிஸ்டம், எல்லாமே விண்டோஸ் 7, நெட்டு ஒரே ஒரு மெஷின்லதான். பசங்களுக்கு ஜாங்கோ சொல்லித்தர வாங்கன்னு கூப்பிட்டாங்க. முந்தின நாள் வீட்ல என் லேப்டாப்லயே பிப் டவுன்லோட் போட்டு எல்லாத்தையும் பென்டிரைவ்ல ஏத்திட்டுப் போனேன். லேப்ல போட்டா ஒத்துக்கவே இல்ல, பொருத்தமான வெர்ஷன் இல்லன்னு வருது. காரணம் என்னன்னா விண்டோஸ் 7ல பைத்தான் 3.8 வரைக்கும்தான் ஓடும், என் லேப்டாப்ல இருந்தது 3.12, அதனால அது ஜாங்கோ 5 எடுத்து வெச்சிருக்கு, அதுக்குக் குறைஞ்சது பைத்தான் 3.10 வேணும். பசங்க எல்லாம் உக்காந்து என் மூஞ்சியையே பாத்துட்டு இருக்காங்க.

அப்புறம் நெட்டு இருந்த அந்த ஒத்த மெஷின்ல, அதுல இருந்த 3.8லேருந்தே டவுன்லோட் பண்ணேன். இப்போ பிப்பே சரியா ஜாங்கோ 4.2 எடுத்துச்சு. 2023 ஏப்ரல்ல வந்த வெர்ஷன், 3.8ல ஓடும். கூட அதுக்குத் தேவையான குட்டி குட்டி பேக்கேஜும் அதே ஃபோல்டர்ல வந்துடுச்சு. அதை ஒவ்வொரு மெஷினா நெட்டு இல்லாமலே போட்டோம், முதல் ரெண்டு மெஷின் நான் பக்கத்துல நின்னேன், மிச்சம் 18ம் பசங்களே போட்டுக்கிட்டாங்க, ஒருத்தன் முடிச்சதும் அடுத்தவனுக்குப் போய் சொல்றான். பழைய மெஷின் வெச்சிருக்கறவங்க கிட்ட புதுசு வாங்குங்கன்னு சொல்லிடாதீங்க தயவு செஞ்சு, எந்த வெர்ஷன் அதுல ஓடும்னு பாத்து சொல்லுங்க. கத்துக்க 4.2 தாராளமாப் போதும்.

*

உபுண்டு ஆளுங்களுக்காக நான் எழுதறேன். என் சித்தி பையன், பிளஸ் டூ முடிச்சிருக்கான், பழைய லேப்டாப்ல உபுண்டு 20.04 வெச்சிருந்தான். அதுல இருக்கற பைத்தான் 3.8, அவனுக்குப் புதுசு வேணுமாம். நான் அவசரத்துல, புதுசைப் போட்டு பைத்தான்3ங்கற பேரையே அதுக்கு மாத்திவிட்டுருடான்னு போன்ல சொல்லிட்டேன். மாத்தினான். அதுக்கப்புறம் டெர்மினலே தொறக்கல. உபுண்டுல டெர்மினலைத் தொறந்துவிடற சின்ன ஸ்கிரிப்ட் பைத்தான்ல எழுதினது, அது சிஸ்டத்தோட பைத்தானை நம்பித்தான் இருக்கு. கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அமுக்கி எழுத்து மட்டும் வர்ற திரைக்குப் போயி பழையபடி மாத்தறதுக்குள்ள அந்தப் பையன் அழுதுட்டான், அவங்க அப்பா லேப்டாப் அது.

இப்போ வர்ற உபுண்டுல என்விரான்மென்ட்டுக்கு வெளிய பிப் போட்டா எக்ஸ்டர்னலி மேனேஜ்டுன்னு சொல்லி நிறுத்திடும், என்விரான்மென்ட் போட்டுக்கோன்னு அதுவே சொல்லுது. நெறைய பேரு அதைத் தாண்டறதுக்கு ஒரு ஆப்ஷன் சொல்லித்தர்றாங்க, அந்த ஆப்ஷன் பேர்லயே சிஸ்டம் பேக்கேஜை உடைக்கறேன்னு எழுதியிருக்கு. புதுசா வர்ற பையனுக்கு அதைச் சொல்லித்தராதீங்க. என்விரான்மென்ட் உருவாக்கற வென்வ் பேக்கேஜை உபுண்டுவோட ஆப்ட் கமாண்ட்ல ஒரு தடவை போட்டுக்கிட்டா போதும், முடிஞ்சுது.

*

நீங்க எல்லாரும் உதவி செஞ்சவங்க பக்கத்துலேருந்து எழுதறீங்க, நான் உதவி வாங்கினவ. ஜாங்கோ கேர்ள்ஸ்னு 2014ல பெர்லின்ல ஆரம்பிச்சாங்க இல்ல, அந்த மாதிரியே பெண்களுக்காக நடத்தின ஒரு ஒருநாள் வகுப்புக்குப் போயிருந்தேன், குழந்தை பொறந்து வேலையை விட்டு ஆறு வருஷம் ஆயிருந்துச்சு. எனக்கு சொல்லித்தந்த அக்கா காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் என் கீபோர்டைத் தொடவே இல்ல. முதல்ல எனக்குக் கோவமாத்தான் வந்துச்சு, ரெண்டு செகண்ட்ல அடிச்சுட்டுப் போகலாமேன்னு.

சூப்பர்யூசர், அதாவது அட்மின் பக்கத்துக்குள்ள போறதுக்கான கணக்கு, உருவாக்கற எடத்துல பாஸ்வேர்டு அடிக்கறேன், திரையில ஒரு புள்ளி கூட வரல. கீபோர்டு கெட்டுப் போச்சுன்னு நெனச்சு ஜன்னலை மூடி மூடித் தொறந்தேன், நாலு தடவை, வெக்கத்துல யார்கிட்டயும் கேக்கல. அவங்க பின்னாடி வந்து குனிஞ்சு மெதுவா "அடிக்கறது உள்ள போகுதும்மா, காட்டாது, அவ்வளவுதான், தைரியமா என்டர் போடு"ன்னாங்க. இது தெரியாதான்னு ஒரு பார்வை கூட இல்ல. இன்னைக்கு நான் வேலைல இருக்கேன், புதுசா யாராவது டீம்ல சேர்ந்தா அந்த எடம் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன், பாஸ்வேர்டு அடிச்சா திரையில தெரியாது, பயப்படாதீங்கன்னு.

*

நல்ல திரிதான், ஆனா ஒரு கேள்வி. இவ்வளவு பாடு எதுக்கு, பைத்தான்எனிவேர் மாதிரி பிரவுசர்லயே எழுதற எடம் இருக்கே, ஆரம்பிக்கறவங்களை அங்க உக்கார வெச்சா முதல் நாளே கோடு எழுத ஆரம்பிச்சிருவாங்களே?

*

ஆரம்பிச்சவன்தான் எழுதறேன். எல்லாருக்கும் நன்றி, அந்த பாஸ்வேர்டு விஷயத்தைப் படிச்சதும் அக்காவுக்கு அனுப்பிட்டேன், அவங்களும் அதுல முழிச்சாங்களாம், என்கிட்ட சொல்லல.

பிரவுசர்ல எழுதறது பத்தி, போன் மட்டும் வெச்சிருக்கறவங்க, ரொம்ப மெதுவான மெஷின் வெச்சிருக்கறவங்களுக்கு அதான் சரி, நானே சொல்லுவேன். ஆனா இந்த அக்காவுக்குத் தன் கடை மெஷின்ல, நெட்டு இல்லாதப்பவும் ஓடணும். அதோட இன்ஸ்டால்ல அவங்க பாத்த சிவப்பு எழுத்து எல்லாம் நாளைக்கும் வரும், அதைப் படிக்கற பழக்கம் அந்த ராத்திரிதான் வந்துச்சு. அதனால என் ஓட்டு சொந்த மெஷினுக்கு.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். ஜாங்கோங்கற பேரு இங்கிலீஷ்ல டி-யில ஆரம்பிக்கறதால அக்கா அதை டிஜாங்கோன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க, டி சத்தம் வராதுக்கா, ஜாங்கோ ரைன்ஹார்ட்னு ஒரு கிதார் கலைஞர் பேரைத்தான் வெச்சிருக்காங்கன்னேன். 2003ல அமெரிக்காவுல கான்சஸ் மாநிலத்துல லாரன்ஸ்ங்கற ஊர்ல ஒரு பேப்பர் ஆபீஸ்ல உருவானது, 2005ல எல்லாருக்கும் குடுத்தாங்க, ஜாங்கோ கூடவே வர்ற அட்மின் பக்கமே ப்ரோக்ராம் தெரியாத பேப்பர் ஆளுங்க செய்தி ஏத்தறதுக்காகத்தான்னு சொன்னேன். "அப்போ என் கடைப் பையனும் போட்டுக்கலாம்"னு உடனே புடிச்சுக்கிட்டாங்க.

இப்போ அட்மின்ல பொருளெல்லாம் ஏத்தியிருக்காங்க. மொதல்ல லிஸ்ட்ல எல்லாமே பொருள் ஆப்ஜெக்ட் 1, பொருள் ஆப்ஜெக்ட் 2ன்னு வந்துச்சு, மாடல்ல, அதாவது பொருள்னா என்னென்ன விவரம்னு எழுதற கோடுல, ரெண்டு வரி சேர்த்ததும் பெரிய அண்டா, சின்ன அண்டா, குத்துவிளக்கு ஜோடின்னு தமிழ்லயே வந்துடுச்சு. போன வாரம் வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு. சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வந்த ஜமுக்காளத்தை மத்தியானம் 12.30ன்னு காட்டுது, அஞ்சரை மணி நேரம் குறையுதுன்னு. நான் ஆபீஸ்ல இருந்தேன், சாயங்காலம் கூப்பிட்டு செட்டிங்ஸ்ல டைம்சோன் யுடிசின்னு, அதாவது உலகப் பொது நேரம்னு, இருக்கும்னு சொல்லலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள அடுத்த மெசேஜ் வந்துடுச்சு, "ஏசியா கொல்கத்தான்னு மாத்திட்டேன், சரியாயிடுச்சு தம்பி, நீ வேலையைப் பாரு."