பவர் ஏறிய கண்ணும் விழித்திரையும்: எங்கள் அனுபவங்கள்

பகிர்வு 1, திருச்சி

எட்டாம் வகுப்பில் கரும்பலகை தெரியவில்லை என்று தொடங்கிய என் கிட்டப்பார்வை, இருபத்தைந்து வயதில் மைனஸ் 9-இல் வந்து நின்றது. பள்ளியில் ‘சோடாபுட்டி’ என்று பெயர் வாங்கியதைத் தவிர அதனால் வேறு தொல்லை இல்லை என்பதால், கண்ணாடிக் கடையிலேயே பவர் பார்த்துக் கண்ணாடி மாற்றிக்கொண்டு காலத்தை ஓட்டினேன்.

முப்பத்தெட்டாவது வயதில், வெள்ளைச் சுவரைப் பார்த்தபோது வலக்கண்ணில் கொசு ஒன்று பறந்தது. கையால் விரட்டினேன். கண்ணைத் திருப்பிய பக்கமெல்லாம் கூடவே வந்து, கண் நின்ற பிறகும் சற்று மிதந்து அடங்கியது. இரண்டு நாள் கழித்து, விளக்கணைத்த அறையில் பார்வையின் ஓரத்தில் மின்னல் போல் ஒளி வெட்டியபோதுதான் பயந்துபோய் மருத்துவரிடம் ஓடினேன். வலி துளியும் இல்லை. கண்ணின் உட்புறத்தில் ஒளியை உணரும் படலமான விழித்திரைக்கு வலி தெரியாது என்பதே இதில் பெரிய ஏமாற்று.

சொட்டு மருந்தால் கண்பாவையை விரித்து, தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு பார்த்த மருத்துவர், விழித்திரையின் ஓரத்தில் குதிரை லாட வடிவில் கிழிசல் இருப்பதாகச் சொல்லி, அன்றைக்கே அதைச் சுற்றி லேசர் போட்டார். வளர்ந்தவர்களின் கண் பொதுவாக 24 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். என்னுடையது 27-ஐத் தாண்டியிருந்தது. சப்பாத்தி மாவை இழுத்துத் தேய்த்தால் ஓரம் மெலிவதைப் போல, நீண்ட கண்ணில் விழித்திரையும் மெலிகிறது. உள்ளிருக்கும் கூழ் இளகி அதைவிட்டு விலகும்போது, ஒட்டியிருக்கும் இடத்தை இழுப்பதுதான் அந்த மின்னல். கிழிசல் வழியே நீர் புகுந்திருந்தால் விழித்திரை கழன்று, அறுவைச் சிகிச்சைவரை போயிருக்கும்.

பகிர்வு 2, மதுரை

மைனஸ் 7 இருந்த நான் இருபத்து நான்கு வயதில் லேசிக் என்னும் லேசர் சிகிச்சை செய்துகொண்டு, கிட்டப்பார்வையே போய்விட்டதாக எண்ணியிருந்தேன். நாற்பத்தொன்றில் சன்னல் கம்பி நடுவில் வளைந்து தெரிந்தது. விழித்திரையின் மையத்துக்குக் கீழே புது இரத்தக் குழாய் முளைத்துக் கசிந்திருந்ததால், கண்ணுக்குள் மூன்று ஊசி போட்டார்கள். லேசிக் கருவிழியின் வளைவைத்தான் மாற்றுகிறது, கண்ணின் நீளத்தைக் குறைப்பதில்லை என்பதை எனக்கு அப்போதுதான் விளக்கினார்கள். லேசிக்கால் கருவிழி மெலிந்திருப்பதால், அளக்கும்போது கண் அழுத்தமும் குறைவாகக் காட்டுமாம். உயர் கிட்டப்பார்வைக்காரர்களுக்குக் கிளாக்கோமா (பெரும்பாலும் கண் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கெடும் நோய்) வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், லேசிக் செய்ததை எந்த மருத்துவரிடமும் மறைக்காதீர்கள்.

பகிர்வு 3, சேலம்

என் மகனுக்கு ஒன்பது வயதிலேயே மைனஸ் 3. பவர் ஏறும் வேகத்தைக் குறைக்க, மருத்துவர் சொன்னபடி 0.01 சதவீத அட்ரோபின் சொட்டு மருந்தை இரவில் விடுகிறோம். தினமும் இரண்டு மணி நேரம் வெயில் வெளிச்சத்தில் விளையாடச் சொன்னதை மட்டும் அவன் ஒரு நாளும் தவறவிடுவதில்லை.