97 பஜேரோ: முன்பக்கத்தை உயர்த்தியதிலிருந்து இடிக்கிறது, 4 அங்குல லிஃப்ட் கிட் வாங்கலாமா?

மேட்டுவழி

எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி 1997 பஜேரோ, இரண்டாம் தலைமுறை, 2.8 டீசல். ஆறு வருடமாக என்னிடம் இருக்கிறது. பாறையும் வறண்ட ஓடைப் படுகையும் உள்ள தடங்களில்தான் பெரும்பாலும் ஓட்டுகிறேன். முன்னால் இரும்பு பம்பர் போட்டிருக்கிறேன். வின்ச் இல்லை. டயர் பழைய அளவுதான், 265/70ஆர்15.

பின்பக்கம் தாழ்ந்துபோய், பெரிய கற்களில் டிஃப் (பின் ஆக்சில் நடுவே உள்ள டிஃபரன்ஷியல் கியர் பெட்டி) உரச ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் காட்டினேன். அவர்கள் பின்னால் ஒன்றும் செய்யாமல், முன்பக்க டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகிச் சுமை தாங்கும் இரும்புக் கம்பி) போல்ட்டை முறுக்கி ஏறக்குறைய 2 அங்குலம் உயர்த்திக் கொடுத்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து சின்னப் பள்ளத்தில்கூட முன்பக்கம் ‘டங்’ என்று இடிக்கிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கையிலேயே அது தெரிகிறது. நான்கு மாதத்தில் இடது பக்க சி.வி. பூட் (டிரைவ் ஷாஃப்ட் மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து, வீலின் உள்பக்கமெல்லாம் கிரீஸ்.

இப்போது முழுசாக 4 அங்குல லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்களின் செட்) போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அதில் எல்லாம் சரியாகிவிடுமா? எதை முதலில் மாற்ற வேண்டும்? இந்த வண்டியை விற்க மனமில்லை. சரியாகச் செய்துவிட்டு இன்னும் பத்து வருடம் ஓட்ட வேண்டும்.

சேற்றுத்தடம்

நண்பரே, கிட்டுக்குப் போகும் முன் டயரைப் பாருங்கள். பஜேரோவின் பின்பக்கம் இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே ஆக்சில், டிஃப் அதிலேயே இருக்கிறது. ஸ்பிரிங்கை எத்தனை அங்குலம் உயர்த்தினாலும் மேலே போவது பாடி மட்டுமே, டிஃப் இருந்த இடத்தில்தான் இருக்கும். அதைத் தரையிலிருந்து தூக்குவது டயர் ஒன்றுதான். 265/70ஆர்15 டயரின் விட்டம் சுமார் 752 மி.மீ. 31x10.5ஆர்15 போட்டால் சுமார் 787. டிஃப்புக்குக் கீழே 17 மி.மீ. கூடும். குறைவுதான், ஆனால் கல் உரசுகிற இடத்தில் அது பெரிய வித்தியாசம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 5 கி.மீ. கூடுதலாகப் போகும், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இரும்பு ஆக்சில்

தம்பி, நானும் இதே வண்டியைப் பதினாலு வருடமாக வைத்திருக்கிறேன். உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த ‘டங்’ கல்லில் ஏறும்போது வருகிறதா, கல்லைத் தாண்டிச் சக்கரம் கீழே விழும்போது வருகிறதா? கவனித்துப் பாருங்கள், விழும்போதுதான் வரும். காரணம் இதுதான். முன் சக்கரத்துக்கு மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று ஒரு மொத்தப் பயண தூரம் உண்டு. போல்ட்டை முறுக்கினால் அந்த மொத்த தூரம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது. வண்டி நிற்கும் இடம்தான் மாறும். பாடி 2 அங்குலம் மேலே போனால், சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடத்திலிருந்து 2 அங்குலம் காலி. சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் ஆர்முக்கும் அதன் ரப்பர் ஸ்டாப்புக்கும் நடுவே விரல் நுழையக்கூட இடம் இருக்காது. சக்கரம் பள்ளத்தில் இறங்கப் பார்க்கும், ஆர்ம் போய் ஸ்டாப்பில் மோதும். நீங்கள் கேட்பது அந்தச் சத்தம். டிரைவ் ஷாஃப்ட்டும் சாய்ந்தபடியே சுற்றுவதால் பூட் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிகின்றன.

கரடான தடத்தில் நமக்கு வேண்டியது சக்கரம் தரையை விடாமல் இருப்பது. ஒரு பக்கம் கல்லில் ஏறியிருக்கும்போது மறுபக்கச் சக்கரம் எவ்வளவு தூரம் இறங்கித் தரையைத் தொடுகிறது என்பதுதான் கணக்கு. உயரம் அதற்கு அப்புறம்தான். உயரத்துக்காக இறக்கத்தை விற்றுவிட்ட வண்டி, நின்றால் கம்பீரமாக இருக்கும், ஓடையில் இறங்கினால் ஒரு சக்கரம் காற்றில் சுற்றும். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் போதாது என்றே தோன்றும்.

ஆகவே 4 அங்குலம் வேண்டாம். முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் 2 அங்குலத்தைத் தாண்டினால் டிஃப்பை இறக்க வேண்டும், ஆர்ம்களை மாற்ற வேண்டும், வேலை நீண்டுகொண்டே போகும். 40 மி.மீ. போதும். அதுவும் எல்லாவற்றையும் அளந்த பிறகு.

எப்படி அளப்பது? தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்று மாறினால் கணக்கும் மாறிவிடும். வீல் ஹப்பின் நடு மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளங்கள், நான்கு மூலையிலும். டேங்க் நிரம்பியிருக்க வேண்டும், வழக்கமாக ஏற்றும் சாமான் உள்ளே இருக்க வேண்டும். பிறகு முன்பக்கம் சேஸிஸில் ஜாக் வைத்து, சக்கரம் முழுசாகத் தொங்கும்வரை தூக்கி, அதே அளவை மறுபடி எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் சக்கரம் கீழே இறங்கும் தூரம். ஆக்சில் ஸ்டாண்ட் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேலான வண்டி இது. புஷ் (ஆர்ம் இணைப்புகளில் உள்ள ரப்பர் உருளை) எல்லாம் எப்படி இருக்கிறது? கீழ் ஆர்ம் புஷ், பின் ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்கும் டிரெய்லிங் ஆர்மின் புஷ், பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடின் புஷ் ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பரில் வட்டமாக வெடிப்பு ஓடியிருந்தால் அதுதான் முதல் வேலை. வெடித்த புஷ்ஷின் மேல் புது ஷாக் (ஷாக் அப்சார்பர்) போடுவது, இற்றுப்போன சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கிற மாதிரி. பாலியூரித்தேன் புஷ் நிறையப் பேர் போடுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. அது ரப்பரைப் போல முறுகிக் கொடுக்காது. டிரெய்லிங் ஆர்மில் அதைப் போட்டால் ஆக்சில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் அசைவே குறைந்துவிடும்.

அளவுகளை இங்கே போடுங்கள், மேற்கொண்டு பேசலாம்.

மேட்டுவழி

அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே சரி. மெதுவாக ஒரு கல்லின் மேல் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஏறும்போது சத்தமே இல்லை, இறங்கும்போதுதான் ‘டங்’.

அளவுகள்: முன் இடது 548, முன் வலது 551. பின் இடது 497, பின் வலது 515. முன்பக்கம் தூக்கித் தொங்கவிட்டால் 22 மி.மீ. மட்டுமே இறங்குகிறது. நம்பிக்கையில்லாமல் மூன்று முறை அளந்தேன்.

பின் இடதில் 18 மி.மீ. குறைவு ஏன் என்று தெரியவில்லை. டிரெய்லிங் ஆர்ம் புஷ் இரண்டு வெடித்திருக்கின்றன. பின்பக்க ஷாக் இரண்டிலும் எண்ணெய்க் கசிவு, மேலே தூசி கெட்டியாகப் படிந்திருக்கிறது. பாலியூரித்தேன் வேண்டாம், ரப்பரே வாங்குகிறேன். ஷாக்கில் ட்வின் ட்யூபா, மோனோ ட்யூபா?

இரும்பு ஆக்சில்

22 மி.மீ. இறக்கத்தில் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறீர்கள். பாவம் ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் அந்த பால் ஜாயிண்ட்கள், அவற்றையும் ஆட்டிப் பாருங்கள்.

பின் இடது ஸ்பிரிங் களைத்துவிட்டது, வேறொன்றும் இல்லை. ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், ஜோடியாகவே மாற்றுங்கள். 40 மி.மீ. உயரமான ஸ்பிரிங் வாங்கும்போது உயரத்தைவிட எடை வகையைப் பாருங்கள். எப்போதும் பின்னால் எவ்வளவு ஏற்றுகிறீர்களோ அதற்கான ஸ்பிரிங் வேண்டும். 300 கிலோ சுமைக்கான ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் அது அமுங்கவே அமுங்காது, பாறையில் வண்டி துள்ளும்.

முன்பக்கம் போல்ட்டைத் தளர்த்தி, குறைந்தது 50 மி.மீ. இறக்கம் கிடைக்கும்வரை பாடியைக் கீழே கொண்டுவாருங்கள். சுமையோடு போல்ட்டைத் திருகினால் மரை போய்விடும். ஜாக்கில் தூக்கி பாரின் முறுக்கைத் தளர்த்திவிட்டு, மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிரீஸ் தடவி, அப்புறம் திருகுங்கள். இறக்கியதும் உடனே அளக்காதீர்கள். டயர் தரையைக் கவ்விக்கொண்டு வண்டியை உயரமாகவே நிறுத்தி வைத்திருக்கும். பத்தடி முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு அளங்கள்.

இரும்பு பம்பர் எடையில் முன்பக்கம் அதன் பிறகும் அமுங்கினால் தடித்த டார்ஷன் பார்தான் வழி. போல்ட்டை முறுக்குவதால் பாரின் விறைப்பு கூடுவதில்லை, தடிமனால்தான் கூடும், அதுவும் நான்காம் அடுக்கில். 10 சதவீதம் தடித்த பார் ஏறக்குறைய 46 சதவீதம் விறைப்பானது. அதனால் ஆசைப்பட்டு ரொம்பத் தடியாக வாங்காதீர்கள். இடது பாரும் வலது பாரும் மாறக்கூடாது. கழற்றும் முன் பெயிண்டால் குறி வையுங்கள்.

ஷாக் விஷயம். வாரம் முழுவதும் வேகமான மண் சாலையில் நெளிநெளியான பரப்பில் ஓடும் வண்டிக்கு மோனோ ட்யூப் நல்லது, சூடு சீக்கிரம் வெளியேறும், எண்ணெய் நுரைக்காது. நீங்கள் போவது மெதுவான பாறைத் தடம். மோனோ ட்யூபில் வெளிக்குழாய்க்குள்ளேயே பிஸ்டன் ஓடுகிறது, ஒரு கல் குத்தி நசுங்கினால் பிஸ்டன் மாட்டிக்கொள்ளும். ட்வின் ட்யூபில் வெளிக்குழாய் நசுங்கினாலும் உள்குழாய் தப்பித்துவிடும், வீடு வந்து சேரலாம். உங்களுக்கு நல்ல தடிமனான ட்வின் ட்யூப் என்பேன்.

கடைசியாக, தயவுசெய்து மறக்கக்கூடாத ஒன்று. புது ரப்பர் புஷ் போடும்போது போல்ட்டை வண்டி ஜாக்கில் தொங்கும் நிலையில் இறுக்கவே இறுக்காதீர்கள். அந்த ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரைக்கு வந்த கணத்திலிருந்து எந்நேரமும் முறுகியபடியே நிற்கும், சில மாதத்தில் கிழியும். கையால் மட்டும் மாட்டிவிட்டு, நான்கு சக்கரமும் தரையில் நின்று, வண்டி தன் எடையில் அமர்ந்த பிறகு கீழே படுத்து இறுக்குங்கள். முதுகு வலிக்கும், ஆனால் வேறு வழியில்லை. என் முதல் செட் புஷ் போனது இதனால்தான்.

குறுக்குப்பாதை

இருவரும் பிரேக்கைச் சொல்லவில்லை, அதனால் நான் சேர்க்கிறேன். பின் ஆக்சில் முழுசாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் விறைப்பாக இழுபடுகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஆக்சிலைத் தாங்குவது ஷாக்காக இருக்க வேண்டும், ஹோஸாக இருக்கவே கூடாது. நீளம் போதவில்லை என்றால் நீளமான ஹோஸ் போட்ட பிறகே தடத்துக்குப் போங்கள்.

இன்னொன்று, பின் ஆக்சிலோடு இணைந்த சுமை உணரும் பிரேக் வால்வு இருந்தால், பாடி உயர்ந்ததும் அது ‘வண்டி காலியாக இருக்கிறது’ என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக் அழுத்தத்தைக் குறைத்துவிடும். அதன் பிராக்கெட்டையும் நீங்கள் உயர்த்திய அளவுக்கு ஏற்ப நகர்த்த வேண்டும்.

ஸ்பிரிங் இல்லாமல் ஒரு தடவை ஷாக்கை மட்டும் மாட்டி, ஆக்சிலை ஜாக்கால் மெதுவாக பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே வந்து மோதும் ரப்பர்) வரை தூக்கிப் பாருங்கள். ஸ்டாப் முழுசாக அமுங்கும்போதும் ஷாக்கில் 15 மி.மீ. ஆவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடி முழுவதையும் ஷாக்கே வாங்கி, சீக்கிரம் செத்துவிடும்.

மேட்டுவழி

ஐந்து வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். புஷ், பின் ஸ்பிரிங் ஜோடி, நான்கு ட்வின் ட்யூப் ஷாக், நீளமான பிரேக் ஹோஸ், புது சி.வி. பூட், எல்லாம் முடிந்தது. வால்வு பிராக்கெட்டையும் மாற்றினேன். ஒரு பால் ஜாயிண்டும் ஆடியது, அதுவும் புதுசு. டார்ஷன் பார் பழையதுதான். இப்போது முன்பக்க இறக்கம் 54 மி.மீ. பின்பக்கம் இரு புறமும் 2 மி.மீ. வித்தியாசத்துக்குள். அலைன்மெண்ட் பார்த்தாயிற்று, ஹெட்லைட்டையும் திருத்தினேன். டயர் அடுத்த மாதம்.

அதே ஓடைக்கு நேற்றுப் போனேன். காற்றை 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிக்கொண்டு, வழக்கமாக முன் இடது சக்கரம் தூக்கிக்கொள்ளும் அந்தப் படிப்பாறையில் ஏறினேன். நண்பர் வெளியே நின்று வீடியோ எடுத்தார். சக்கரம் பாறையின் பின்புறம் வழிந்து இறங்கி மணலைத் தொடுவது அதில் தெளிவாகத் தெரிகிறது. வண்டி முன்பைவிடத் தாழ்வாக நின்றும் ஏறியது. ‘டங்’ இல்லவே இல்லை. அண்ணா, எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

பின்னால் வலது பக்கம் மட்டும், மெதுவாகத் திரும்பும்போது ‘டொக்’ என்று ஒரு சின்னச் சத்தம். எங்கே பார்க்கட்டும்?

இரும்பு ஆக்சில்

படித்ததும் மனசு நிறைந்துவிட்டது தம்பி. பான்ஹார்ட் ராட் போல்ட்டைப் பாருங்கள். புது புஷ் முதல் சில நூறு கிலோமீட்டரில் உட்காரும், போல்ட் லேசாகத் தளரும். வண்டியைத் தரையில் நிறுத்தியே டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள், மற்ற புஷ் போல்ட்களையும் அப்படியே. ஒருவரை வண்டியின் பின்பக்கப் பாடியைப் பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் தள்ளி ஆட்டச் சொல்லி, நீங்கள் பின்னால் குனிந்து ராட் முனையில் விரல் வைத்தால் சத்தம் வரும் இடம் விரலிலேயே தட்டும். அப்போதும் பிடிபடவில்லை என்றால் ஷாக்கின் மேல் வாஷர் வரிசையைப் பாருங்கள், தலைகீழாகப் போட்டிருக்க வாய்ப்பு உண்டு.