கமேலியா என்று வாங்கி ஏமாந்த கதை: உங்களுக்கும் நடந்ததா?

நானுஓயாக்காரன்:
மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஏப்ரல் சீசனில் நுவரெலியா ரோட்டோரம் வாங்கிய கமேலியாப் பூச்செடிக் கன்று. வெள்ளை, ஒற்றை அடுக்கு என்றார்கள். 1,500 ரூபா. பெரிய சாடி, நிழல் வலை, மழைத்தண்ணீர் என்று ராஜ உபசாரம். போன கார்த்திகையில் பூத்தது. பத்து ரூபாக் காசை விடக் கொஞ்சம் பெரிய பூ, காம்போடு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. சரி, இந்த ரகம் இப்படித்தான் போல என்று இருந்துவிட்டேன்.

பக்கத்து லயத்துப் பாட்டி தீப்பெட்டி கேட்டு வந்தார். 35 வருடம் கொழுந்து எடுத்தவர். பேச்சு ஏதோ சம்பளத்தைப் பற்றி. பேசிக்கொண்டே கை செடிக்குப் போனது, பட்டென்று நுனி ஒடிந்தது: இரண்டு இலை, ஒரு மொட்டு. அதற்கு அப்புறம்தான் அவரே கையைப் பார்த்தார். “ஏன் தம்பி, இத நாங்க இடுப்புக்கு மேல வளர விட்டதே இல்ல. நீ வலை போட்டு வளக்குற?”

ஹட்டன் மாமா:
தம்பி, ஏமாற்று என்று சொல்ல முடியாது. தேயிலையும் கமேலியாதான், கமேலியா சினென்சிஸ். 1867ல் கண்டிப் பக்கம் லூல்கந்துரவில், இலங்கையின் முதல் வணிகத் தேயிலைத் தோட்டமாக ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டதும் அந்தச் சாதியைத்தான். என்னுடையது பூவுக்கென்றே வளர்க்கிற அசல் கமேலியா ஜப்பொனிகா, ரோஸ் நிறம். 40 மொட்டுக்கு மேல் எண்ணினேன். ஒரே வாரத்தில் அத்தனையும் கீழே. ஒன்றை நகத்தால் பிளந்து பார்த்தேன், வெளி இதழ் எல்லாம் பழுப்பு, நடுவில் ஒன்று மட்டும் ரோஸாகவே இருந்தது. கவ்வாத்துக்குப் பிறகு தேயிலை மலைக்குப் போடுகிற டோலமைட்டில், மண்ணின் புளிப்பைக் குறைக்கிற அந்தக் கல் பொடியில், இரண்டு பிடி போட்டிருந்தேன். அதுதான் கொன்றது.

பண்டாரவளை டீச்சர்:
மாமா கோபிக்கக் கூடாது, டோலமைட்டால் மொட்டு கொட்டாது. மண்ணின் புளிப்பு குறைந்தால் இலைதான் முதலில் சொல்லும், நரம்பு பச்சையாக நிற்க இடையில் மஞ்சளாகும். மொட்டு கொட்டியது மாசி வெயிலில் வேர் காய்ந்ததால். எனக்கும் கொட்டியது, கல்யாண வீட்டுக்குப் போய் பத்து நாள் தண்ணீர் இல்லை. என் கதை அவ்வளவுதான்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. இலையைத் தொட்டுப் பாருங்கள். ஜப்பொனிகா இலை தடிப்பு, எண்ணெய் தடவின பளபளப்பு. பூவுக்குக் காம்பே இராது, கிளையோடு ஒட்டி உட்காரும். தேயிலை இலை மெல்லிசு, பூ காம்பில் தொங்கும். அப்புறம் ரகம். அல்பா பிளேனா மாதிரி வெள்ளை அடுக்குப் பூவுக்கு ஆசைப்படாதீர்கள். 1792லேயே சீனாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன பேர்பெற்ற ரகம்தான், ஆனால் நம்ம மலை மழையில் இரண்டு நாளில் தேத்தண்ணி ஊற்றின மாதிரி ஆகிவிடும். சிவப்பு ஒற்றை அடுக்கென்றால் கறை அவ்வளவு தெரியாது. எங்கள் பக்கம் போல வெயில் கூடின இடத்துக்கு சசான்குவா என்கிற கமேலியா சரி, லேசாக வாசமும் உண்டு. நுவரெலியாக்காரர்கள் கிழக்குச் சுவரோரம் வைக்காதீர்கள், தை மாசம் பனி உறைந்த மொட்டில் காலை வெயில் நேரே பட்டால் கருகும். வேர் மேலாப்பில் ஓடுவது, அதனால் ஆழமாகப் புதைக்காமல் மானாப்புல் வெட்டி மூடுங்கள். தண்டோடு ஒட்டாமல்.

லிந்துலைப் பொண்ணு:
டீச்சர் அக்கா, இங்கே கேட்டது அனுபவம்!

எங்கள் அப்பா துரை பங்களாவில் தோட்ட வேலை. வாசலில் சிவப்புக் கமேலியா மரம் ஒன்று. அது இதழ் இதழாக உதிராது, முழுப் பூவாக ‘தொப்’ என்று விழும். நான் கூட்டப் போனால் அப்பா விளக்குமாற்றைப் பிடித்துக்கொள்வார், “மத்தியானம் வரைக்கும் கெடக்கட்டும்”. கல் படியில் ஏழெட்டுப் பூ, எல்லாம் வானத்தைப் பார்த்தபடி. பங்களா கை மாறியபோது மரத்தை வெட்டிவிட்டார்கள், கார் நிறுத்த.

நானுஓயாக்காரன்:
டீச்சர், நன்றி. மாமா, மூன்று வருட நிழல் வலைக்கு யார் காசு தருவது?

போன மாதம் புதுக் கன்று வாங்கினேன், இந்த முறை இலையைத் தடவிப் பார்த்துத்தான். நுனியில் உருண்டையாக ஒரு மொட்டு, பக்கத்தில் ஊசி மாதிரி ஒன்று. உருண்டைதான் பூ என்று கடைக்காரர் சொன்னார். பழைய செடியை வேலியோரம் நட்டுவிட்டேன், பாட்டி போகவர அதில் கிள்ளிக்கொண்டுதான் போகிறார். புதியதை மட்டும் வீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், அவர் கைக்கு எட்டாமல்.