பத்து நிமிடம்தான் கிடைக்கிறது: படுக்கையில் இருக்கும் கணவரைப் பார்த்துக்கொள்பவருக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம்?

மூன்றாம்பிறை:

அக்காவுக்காகக் கேட்கிறேன். அத்தானுக்குப் பக்கவாதம், நான்கு மாதம் ஆகிறது. வலது கையும் காலும் வரவில்லை, பேச்சு பாதிதான். முழுநேரமும் கூட இருப்பது அக்காதான். தடிதடியாக நாவல் படித்துத் தள்ளியவள், இப்போது ஒரே பக்கத்தை மூன்று தரம் படித்தும் மண்டையில் ஏறவில்லை என்கிறாள்.

நிலவரம் இதுதான். சேர்ந்தாற்போல் பத்து, பதினைந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அதே அறையில்தான் அவளும் படுக்கிறாள், பெரிய விளக்கு போட முடியாது. பார்க்க வருகிறவர்களெல்லாம் தன்னம்பிக்கைப் புத்தகம், நோயை வென்றவர் கதை என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

அறிவுரை சொல்லாத, அழவைக்காத, நடுவில் வைத்துவிட்டு எழுந்துபோனாலும் திரும்ப நுழைய முடிகிற புத்தகம் எது? காதால் கேட்பது சரிப்படுமா? அத்தானுக்கும் சேர்த்து ஏதாவது படிக்க முடியுமா?

பழுப்புத்தாள்:

மண்டையில் ஏறாததைப் பார்த்து, படிக்கும் ஆசையே போய்விட்டது என்று அக்கா நினைத்துவிடக் கூடாது. தூக்கம் துண்டு துண்டாக உடையும்போது முதலில் அடிபடுவது, சற்றுமுன் படித்ததை மனசில் பிடித்து வைத்திருக்கும் சக்தி. நாவலுக்கு அதுதான் மூலதனம்: இவர் யாருக்கு மாமா, அந்தக் கடிதம் யார் கையில் இருக்கிறது, போன தரம் எங்கே விட்டோம். போதாததற்கு ஒரு காது எந்நேரமும் கட்டில் பக்கமே இருக்கும். மிஞ்சுகிற அரைக் கவனத்துக்கு ஈடுகொடுக்கும் புத்தகம் வேண்டும். ஆகவே கதை எதைப் பற்றியது என்று பார்ப்பதற்கு முன்னால், எப்படித் துண்டு போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

வாங்குமுன் ஒரு சின்னச் சோதனை. நடுவில் எங்கேயாவது பிரித்து அரைப் பக்கம் படியுங்கள். யார் பேசுகிறார், எங்கே நிற்கிறார் என்று பிடிபட்டுவிட்டால் தேறியது. வெறும் 'அவன்', 'அவள்' என்றே ஓடி, பெயர் தெரிந்துகொள்ள நாலு பக்கம் பின்னால் போக வேண்டியிருந்தால் இப்போதைக்கு வேண்டாம், எவ்வளவு நல்ல எழுத்தானாலும் சரி. அத்தியாயம் பத்துப் பக்கத்துக்குள் முடிவது நல்லது.

பத்திரிகையில் தொடராக வந்தவை இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். வாசகர் ஒரு வாரம் கழித்துத்தான் வருவார், பாதியை மறந்துவிட்டுத்தான் வருவார் என்று தெரிந்தே எழுதியவை. ஆளை அறிமுகப்படுத்தும்போது பழைய விஷயத்தை ஒரு வரியில் நினைவுபடுத்திவிடுவார்கள். கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை அப்படித்தான் வாராவாரம் வந்தது. ஐந்து பாகம், மொத்தம் 293 அத்தியாயம். நிதானமாகப் படித்தால் ஓர் அத்தியாயம் கால் மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே.

ஆனால் அதில் இரண்டு வில்லங்கம் உண்டு. தொடர்கதையின் பிழைப்பே கடைசி வரியில் வாசகரைத் தொங்கவிடுவதுதான். 'இன்னும் ஒன்றே ஒன்று' என்று ஆரம்பித்தால், தூங்கக் கிடைத்த ஒன்றரை மணி நேரம் போயிற்று. இதற்கு வழி, அத்தியாய முடிவில் நிறுத்தவே நிறுத்தாதிருப்பது. அடுத்த அத்தியாயத்தில் இரண்டு பக்கம் உள்ளே போய், அந்த முடிச்சு அவிழ்ந்த வரியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து மூடினால் தூக்கம் வரும். இரண்டாவது வில்லங்கம் பெரியது. கதை தொடங்கும்போதே சுந்தர சோழர் கால் வராமல் படுக்கையில் இருக்கிறார். வானவன்மாதேவி அவர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறாள். முன்பு வந்தியத்தேவன் குதிரைக்குப் பின்னால் ஓடிய வாசகிக்கு அந்த ராணி கண்ணிலேயே பட்டிருக்க மாட்டாள். இப்போது படுவாள். சிலருக்கு அது துணை, சிலருக்குத் தாங்காது. சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

அதே கல்கி எழுதியதில் இதைவிடச் சின்னதாக, சுபமாக முடிவது 'பார்த்திபன் கனவு'. 'சிவகாமியின் சபதம்' பிரிவில் முடியும், இப்போது எடுக்காதீர்கள்.

தொடர்ச்சியே வேண்டாம் என்றால் தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு'. ஒரு வங்கிக் குமாஸ்தா அசட்டுத்தனமாக எதையோ செய்யப்போக, அதுவே துப்பாகிவிடும். எங்கே பிரித்தாலும் ஒரு கதை கிடைக்கும், யாரும் ஏங்கி அழ மாட்டார்கள். ஷெர்லக் ஹோம்ஸ் மொழிபெயர்ப்புகளும் சரிப்படும்: டாயில் எழுதியவை 56 சிறுகதை, 4 நாவல். சிறுகதைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துப்பறியும் கதையில் கேட்ட கேள்விக்குப் பதில் கட்டாயம் வந்துவிடும், அதுவும் இருபது, முப்பது பக்கத்துக்குள். எந்த மருத்துவரும் அப்படி நாள் குறித்துப் பதில் சொல்வதில்லையே. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' மட்டும் ராத்திரிக்கு வேண்டாம். பயமுறுத்துவதற்கென்றே எழுதியது அது.

இரவுவிளக்கு:

புத்தகத் தேர்வை அவர் சொல்லிவிட்டார். நான் சாமான் பக்கம் பேசுகிறேன். பல பேர் தோற்பது அங்கேதான்.

எடை. 500 பக்கக் காகிதப் புத்தகம் அரைக் கிலோவைத் தாண்டும். நாள் முழுக்க ஆளைத் தூக்கி, நிமிர்த்தி, திருப்பிய மணிக்கட்டு அதை ஒரு கையில் ஐந்து நிமிடம் பிடிக்காது. ஒரே கனமான தொகுப்பாக வாங்காமல் தனித்தனிப் பாகமாக வாங்குங்கள். மின்தாள் படிப்பான் (கிண்டில் மாதிரி) இருந்தால் 200 கிராம் அளவில் முடிந்துவிடும், பக்கத்தையும் பெருவிரலாலேயே தள்ளலாம்.

வெளிச்சம். கழுத்தில் மாட்டும் வளைந்த விளக்கு நல்லது. மஞ்சள் ஒளி, அதிலும் மிகக் குறைந்த அளவு. இரண்டு முனையையும் கீழ்நோக்கி மடக்கிவிட்டால் ஒளி தாளோடு நிற்கும். புத்தக மேல்விளிம்பில் கவ்வும் விளக்கு, பக்கம் புரட்டும் ஒவ்வொரு தரமும் ஆடி, எதிரே படுத்திருப்பவர் கண்ணில் வெட்டும். கைப்பேசியில் படிப்பதானால் கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. ஆனால் எழுத்தை இரண்டு படி பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியும் சுழிக்கொம்பும்தான் முதலில் மங்கும். தூக்கக் கண்ணுக்கு 'கண்' 'கண' ஆகிவிடும். அப்புறம் அதே வரியை மூன்று தரம் படிக்காமல் என்ன செய்வது?

பழைய நூல்கள் இலவசமாக வேண்டுமென்றால் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்கும் மதுரைத் திட்டம் (1998இல் தொடங்கியது) இருக்கிறது. யூனிகோடு வடிவத்தை எடுங்கள். யூனிகோடுக்கு முன் புழங்கிய திஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டில் இருக்கும் பழைய கோப்பு கைப்பேசியில் குப்பையாகத் தெரியும். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பும் வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும், இடமும் வலமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒலிநூல் சரிப்படும், ஆனால் ஒரு காதில் மட்டும். கட்டிலுக்கு எதிர்ப்பக்கக் காதில் மாட்டி, கட்டில் பக்கக் காதைத் திறந்து வையுங்கள். காதை இறுக அடைக்கும் வகை ஆகாது, வெளிச்சத்தம் கேட்கிற வகைதான். பதினைந்து நிமிடத்தில் தானாக நிற்கும்படி வைக்கலாம். அடுத்த தரம் போடும்போது இரண்டு நிமிடம் பின்னால் தள்ளித் தொடங்குங்கள். துணி மடிக்க, பாத்திரம் கழுவ இதைப் போல ஒன்று கிடையாது. அவருக்கு ஊட்டும்போது மட்டும் கண்டிப்பாக நிறுத்திவிட வேண்டும். பக்கவாதத்தில் விழுங்குவதிலும் சிக்கல் இருக்கலாம். சின்ன இருமல், குரலில் ஒரு ஈரக் கரகரப்பு, இதுதான் அடையாளம். காதில் கதை ஓடினால் அது தப்பிவிடும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று: படுத்திருப்பவருக்கு நுரையீரல் நோயோ, சிகிச்சையால் எதிர்ப்புச் சக்திக் குறைவோ இருந்தால், பூஞ்சை வாடை அடிக்கும் பழைய புத்தகத்தை அந்த அறைக்குள்ளேயே கொண்டுபோகாதீர்கள்.

சொல்லங்காடி:

நோயைப் பற்றிய புத்தகமே கூடாது என்பது இந்த மாதிரிக் கேள்விகளில் எப்போதும் வரும் அறிவுரை. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. 'எனக்கு மட்டும்தான் இப்படி எரிச்சல் வருகிறதா' என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருப்பவருக்கு, அதை ஒப்புக்கொண்டு எழுதிய இன்னொருவர் வேண்டியிருக்கும். நாவலாசிரியர் ஐரிஸ் மர்டாக்குக்கு மறதிநோய் வந்தபின், அவர் கணவர் ஜான் பெய்லி எழுதிய நூல் 1998இல், மனைவி உயிரோடு இருக்கும்போதே வந்தது. பொறுமை போகிற நேரமும் அதில் உண்டு, இருவரும் சிரிக்கிற நேரமும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஜோன் டிடியன் 2005இல் வெளியிட்டது கணவர் திடீரென்று இறந்ததற்கு அடுத்த ஒரு வருடத்தைப் பற்றியது. 'கணவர், நோய், நினைவுகள்' என்று இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டிப் பரிசளிக்கிறார்கள். இன்னும் கூடவே இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவர் கையில் இரண்டாவதைக் கொடுக்கலாமா? கடைசி அத்தியாயத்தை நீங்கள் முதலில் படித்துவிட்டு, யார் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். அதுவும் அக்கா கேட்டால்.

பராமரிப்புக் கையேடு வேறு கணக்கு. அது வேலைச் சாமான். தலைமாட்டில் வைக்காமல் மருந்துப் பெட்டி பக்கத்தில் வையுங்கள். ஓய்வு நேரத்தில் அதைப் பிரித்தால் ஓய்வு வேலையாகிவிடும்.

கேள்விக்கு என் விடை: உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வந்தது, நூற்றுக்கு மேல் சின்னச் சின்ன அத்தியாயம். நடை பதறாமல் போகும். ஒருவர் ஏட்டைத் தேடிப் போகிறார், கிடைக்கிறது அல்லது கிடைக்கவில்லை, அவ்வளவுதான் பதற்றம். அவர் மறைவோடு பாதியில் நின்ற நூல் என்பதால் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவருக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நோயுற்று 1876இல் மறையும் பகுதி மட்டும் கனமானது. அந்தப் பக்கங்களைச் சேர்த்து ஒரு காகிதக் கவ்வி போட்டுவிடுங்கள், வேண்டுமானால் பிறகு எடுத்துக்கொள்ளட்டும்.

நுனிநாக்கு:

அத்தானுக்குச் சேர்த்துப் படிப்பது பற்றி. வலப்பக்கம் வராமல் பேச்சும் போயிருந்தால் மூளையின் இடப்பக்கம் அடிபட்டிருக்கும். புரிவது எவ்வளவு, சொல்ல வருவது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். அவருடைய பேச்சுப் பயிற்சியாளரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: 'எத்தனை சொல் நீளமுள்ள வாக்கியம் வரை அவருக்குப் புரிகிறது?' அந்த நீளத்துக்குத் தக்கதைப் படியுங்கள்.

புதுக் கதையைவிட அவருக்கு ஏற்கெனவே தெரிந்தது நல்லது. சின்ன வயதில் மனப்பாடமான குறள், பாட்டு, செய்யுள். சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்க முடியாதவருக்கும் மனப்பாடமானது சில நேரம் தானாக வாயில் வந்துவிடும். குறளில் முதலடியைச் சொல்லிவிட்டு ஐந்தாறு விநாடி நிறுத்திப் பாருங்கள். வந்தால் வரட்டும், வராவிட்டால் அக்காவே இரண்டாவது அடியைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். 'அடுத்தது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்' என்று கேட்டுவிட்டால் பரீட்சை ஆகிவிடும், நாளைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஐந்து நிமிடம் போதும். அந்த நேரம் தொலைக்காட்சியோ வேறு பேச்சோ பின்னால் ஓடக் கூடாது. இரண்டு குரலைப் பிரித்துக் கேட்பது அவருக்குப் பெரும் பாடு.

அவரே படிக்க ஆசைப்பட்டால் முதலில் பார்வையைச் சோதிக்கச் சொல்லுங்கள். இவ்வகைப் பக்கவாதத்தில் வலப்பக்கப் பார்வை மறைவதுண்டு. தமிழ் இடமிருந்து வலம் ஓடுவதால் வரியின் மிச்சம் கண்ணுக்கு எட்டாது, பாதி வரியிலேயே அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். வலது ஓரத்தில் நீளவாக்கில் ஒரு சிவப்புப் பட்டை ஒட்டி, 'சிவப்பு தெரிகிறவரை போங்கள்' என்று பழக்கலாம். வரிக்குக் கீழே அட்டை ஒன்றையும் வைத்து நகர்த்த வேண்டும்.

மூன்றாம்பிறை:

சாம்புவும் கழுத்து விளக்கும் முதலில். பொன்னியின் செல்வன் அவள் முன்பே படித்ததுதான். படித்ததையே திரும்பக் கொடுப்பது வீண் இல்லையா? இன்னொன்று, பாதியில் விட்டால் அவளுக்கு உறுத்துகிறது.

பழுப்புத்தாள்:

படித்ததுதான் இப்போது உத்தமம். நினைவில் வைக்க வேண்டிய வேலையை முன்பே செய்து முடித்தாயிற்று. முதல் பாகத்திலிருந்து வரிசையாகப் போகவேண்டியதும் இல்லை, பிடித்த இடங்களை மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள். பூங்குழலி படகு, ஆழ்வார்க்கடியான் வாய்ச்சண்டை, இப்படி.

உறுத்தலுக்கு: தபால் அட்டை அளவில் ஓர் அட்டையை வெட்டிப் பக்க அடையாளமாக வையுங்கள். புதுப் புத்தகமானால் அதில் நாலு பேர் பெயரும் உறவும், கீழே 'இப்போது என்ன நடக்கிறது' என்று ஒரே வரி. மூன்று தரம் உட்கார்ந்தும் அந்த வரியை மாற்றி எழுத ஒன்றும் கிடைக்காவிட்டால், அட்டையை உருவி அடுத்த புத்தகத்தில் செருகிவிடலாம்.